யார் வீட்டுப் பிள்ளை கெட்டிக்காரப் பிள்ளை?

நவம்பர் மாதம். ஆஸ்திரேலியா நாட்டில் ஓர் இரவு.

ஒரு வீட்டின் கூடத்தில் அப்பா, அம்மா, தங்கை, பாட்டி எல்லோரும் உட்கார்ந்து இருக்கிறார்கள். நடுவில் 18 வயதுப் பையன். பள்ளிக்கூடப் படிப்பு இப்பொழுதுதான் முடிந்தது. எல்லோருடைய கண்ணும் டெலிவிஷன் பெட்டி மேல் இருக்கிறது.

ஒருவர் மேடை ஏறுகிறார். ஒரு கால்பந்து கிளப்பின் பெயரைச் சொல்லுகிறார். பிறகு ஒரு பையனின் பெயரைச் சொல்லுகிறார்.

கூடத்தில் ஒரே கூச்சல்! அப்பா பையனைக் கட்டிப் பிடித்துக் கொள்ளுகிறார். அம்மா அழுகிறாள்.

அம்மா அழுவதற்குக் காரணம் உண்டு. பெயர் சொன்ன கிளப் எந்த ஊரில் இருக்கிறதோ, அந்த ஊருக்குப் பையன் போய்விட வேண்டும். அது 2 தெரு தள்ளியும் இருக்கலாம். மெல்போர்னுக்கும் பெர்த்துக்கும் உள்ள தூரம்போல, 2,700 கிலோ மீட்டர் தள்ளியும் இருக்கலாம். பெண்ணைப் புக்ககத்துக்கு அனுப்பும்போது நம் வீட்டில் அழுவார்கள். அங்கே பையனைக் கிளப்புக்கு அனுப்பும்போது அழுகிறார்கள்!

மறுநாள் காலையில் ரசிகர்களின் சண்டை தொடங்கும்.

"எங்கள் கிளப்புக்கு வந்த பையன்தான் முதல் எண். உங்கள் பையன் 5-வது எண்!"

"5 ஆண்டு கழித்துப் பார். எங்கள் பையன்கள் உங்களை உதைத்துத் தள்ளுவார்கள்!"

கடையிலும் ரெயிலிலும் ஆபீசிலும் இதே பேச்சு. ஒவ்வொருவரும் தன் கிளப்பில் உள்ள இளம் ஆட்டக்காரர்களை எண்ணி, அடுத்த கிளப்பில் உள்ளவர்களோடு நிறுத்துப் பார்க்கிறார்கள். பத்திரிகைகளும் எண் போட்டு வரிசை எழுதுகின்றன.

இந்தக் கணக்கு தப்புக் கணக்கு என்பது என் கருத்து. ஏன் என்று சொல்லுகிறேன்.

அது என்ன ஆட்டம்?

முதலில் ஆட்டத்தைத் தெரிந்து கொள்ளுங்கள். இது நாம் அறிந்த கால்பந்து அல்ல. பந்து உருண்டையாக இராது. உரித்த தேங்காய்போல நீண்டு இருக்கும். மைதானமும் நீள்வட்டம். ஒரு பக்கத்துக்கு 18 பேர்.

பந்தைக் காலால் உதைக்கலாம். கையில் வைத்து முஷ்டியால் குத்தி அனுப்பலாம். ஆனால் எறியக்கூடாது. பந்தோடு ஓடினால் 15 மீட்டருக்கு ஒரு தடவை பந்தைத் தரையில் தட்ட வேண்டும். இரு முனையிலும் 4 கம்பங்கள் இருக்கும். நடுக் கம்பங்களுக்கு இடையே உதைத்தால் 6 புள்ளி. ஓரத்தில் போனால் 1 புள்ளி.

மெல்போர்ன் நகரில் 1859-ம் ஆண்டு இதற்குச் சட்டம் எழுதினார்கள். இன்று பெரிய போட்டியில் 18 கிளப்புகள் ஆடுகின்றன. இறுதிப் பந்தயத்தைப் பார்க்க மெல்போர்ன் மைதானத்தில் 1 லட்சம் பேர் கூடுகிறார்கள்.

கடைசிப் பிள்ளைக்கு முதல் பந்தி

முன்காலத்தில் ஒவ்வொரு கிளப்புக்கும் இன்ன பகுதி என்று பிரித்துக் கொடுத்து இருந்தார்கள். அந்தப் பகுதியில் குடி இருந்த பையன் அந்தக் கிளப்புக்கே சொந்தம். நல்ல பகுதி கிடைத்த கிளப் கொழுத்தது. மற்றது மெலிந்தது. பணம் உள்ள கிளப், இல்லாத கிளப்பின் ஆட்களைத் தட்டிக்கொண்டு போயிற்று.

இதைச் சரிக்கட்ட 1986-ம் ஆண்டு ஒரு முறை கொண்டு வந்தார்கள். "டிராப்ட்" என்று பெயர். நாம் "ஆள் எடுப்பு" என்று சொல்லுவோம்.

அந்த ஆண்டு எந்தக் கிளப் கடைசியில் நின்றதோ, அது முதலில் ஒரு பையனைத் தேர்ந்து எடுக்கலாம். கோப்பையை வென்ற கிளப் கடைசியில்தான் எடுக்க வேண்டும். தோற்றவன் எழுந்து நிற்க ஒரு வழி! நல்ல ஏற்பாடு. அதில் எனக்குக் குறை இல்லை.

ஆனால், இந்த ஏற்பாடு ரசிகர்களுக்கு ஒரு கெட்ட பழக்கத்தைக் கொடுத்துவிட்டது. பையனின் மதிப்பை அவன் எண்ணை வைத்துச் சொல்லுகிறார்கள். முதல் எண் தங்கம். 40-வது எண் தகரம்!

தகரம் தங்கம் ஆன கதை

2001-ம் ஆண்டு ஆள் எடுப்பைப் பாருங்கள். அப்பொழுது 16 கிளப்புகள். கடைசியில் நின்றது பிரிமாண்டில். முதல் எண் அதற்குத்தான் உரியது. அந்தக் கிளப் என்ன செய்தது? முதல் எண், 20-வது எண், 36-வது எண் மூன்றையும் ஹாதார்ன் கிளப்புக்குக் கொடுத்துவிட்டு, டிரென்ட் குரோட், லூக் மெக்பார்லின் என்ற 2 ஆட்டக்காரர்களை வாங்கிக் கொண்டது.

ஹாதார்ன் முதல் எண்ணில் லூக் ஹாட்ஜை எடுத்தது. 36-வது எண்ணில் சாம் மிட்செல் என்பவரை எடுத்தது.

2008-ல் மிட்செல் தலைமையில் ஹாதார்ன் கோப்பையை வென்றது. 2013, 2014, 2015 ஆகிய 3 ஆண்டுகளும் ஹாட்ஜ் தலைமையில் தொடர்ந்து வென்றது. பிரிமாண்டில் கொடுத்த 2 எண்கள், 2 தலைவர்கள்! குரோட்கூட 2 ஆண்டில் ஹாதார்னுக்கே திரும்பிவிட்டார். 2025 முடிய பிரிமாண்டில் ஒரு கோப்பைகூட வெல்லவில்லை.

அதே 2001-ல் ஜீலாங் கிளப் 8-வது எண்ணில் ஜிம்மி பார்ட்டெல், 17-வது எண்ணில் ஜேம்ஸ் கெல்லி, 24-வது எண்ணில் ஸ்டீவ் ஜான்சன், 40-வது எண்ணில் இளைய கேரி ஆப்லெட் ஆகியோரை எடுத்தது. அன்று ரசிகர்கள் பேசியது ஹாட்ஜ், லூக் பால், கிரிஸ் ஜட் என்ற முதல் மூவரைப் பற்றித்தான். ஜீலாங்கின் நால்வரைப் பற்றி யார் பேசினார்கள்?

6 ஆண்டு கழித்து, 2007 இறுதிப் பந்தயத்தில் அந்த நால்வரும் ஆடினார்கள். போர்ட் அடிலெய்டு கிளப்பை ஜீலாங் 119 புள்ளி வித்தியாசத்தில் நொறுக்கியது. இறுதிப் பந்தயத்தில் அவ்வளவு பெரிய வெற்றியை யாரும் பெற்றது இல்லை. ஆண்டின் சிறந்த ஆட்டக்காரருக்குத் தரும் பிரவுன்லோ பதக்கம், 2007-ல் பார்ட்டெலுக்குக் கிடைத்தது. 40-வது எண் ஆப்லெட் அதை 2009, 2013 என்று 2 தடவை வாங்கினார்.

ஜட்டும் சோடை போகவில்லை. அவரும் 2 தடவை அந்தப் பதக்கத்தை வாங்கினார். முதல் எண்கள் பொய் என்று நான் சொல்ல வரவில்லை. எண் மட்டும் கதையைச் சொல்லாது என்கிறேன்.

பையன்கள் நிறைந்த வீடு

இனி, நேர் எதிரான கதை.

2012-ல் புதிதாக ஒரு கிளப் போட்டியில் சேர்ந்தது. பெயர் கிரேட்டர் வெஸ்டர்ன் சிட்னி. மேற்கு சிட்னி என்றே சொல்லுவோம். புதுக் கிளப் அல்லவா? வளரட்டும் என்று ஆள் எடுப்பில் எண்களை அள்ளிக் கொடுத்தார்கள். 2011-ல் முதல் 5 பெயர்களும் அந்தக் கிளப்புக்கே! 2012-லும் முதல் எண். 2013-லும் முதல் எண்.

நாட்டிலேயே கெட்டிக்காரப் பையன்கள் ஒரே கூரையின் கீழ். மற்றக் கிளப் ரசிகர்கள் நடுங்கினார்கள். "இனி 10 ஆண்டுக்கு இவர்கள்தான் ராஜா" என்று எழுதாத பத்திரிகை இல்லை.

நடந்தது என்ன?

முதல் ஆண்டு 22 ஆட்டத்தில் 2 வெற்றி. அடுத்த ஆண்டு ஒரே ஒரு வெற்றி. தோற்றுத் தோற்று வளர்ந்த பையன்கள் ஒவ்வொருவராகப் புறப்பட்டார்கள். 2011-ல் எடுத்த அந்த 5 பேரில், 3-வது எண் மெல்போர்ன் கிளப்புக்குப் போய்விட்டார். 4-வது எண் வில் ஹாஸ்கின் எலியட், காலிங்வுட் கிளப்புக்குப் போய் 2023-ல் அங்கே கோப்பையை வென்றார். முதல் எண் ஜொனாதன் பாட்டன்கூடப் பிறகு வேறு கிளப்புக்குப் போனார்.

2013-ல் முதல் எண்ணாக வந்தவர் டாம் பாய்ட். ஒரே ஆண்டுதான் இருந்தார். வெஸ்டர்ன் புல்டாக்ஸ் என்ற மெல்போர்ன் கிளப் 7 ஆண்டு ஒப்பந்தம் கொடுத்து அழைத்துக் கொண்டது.

2016-ல் இறுதிப் பந்தயத்துக்கு முந்தின ஆட்டம். மேற்கு சிட்னியும் புல்டாக்சும் மோதின. 6 புள்ளியில் மேற்கு சிட்னி தோற்றது! அடுத்த வாரம் இறுதிப் பந்தயம். 21 வயது பாய்ட் 3 கோல் போட்டார். வெகு தூரத்தில் இருந்து அவர் உதைத்த கடைசிக் கோல் தரையில் துள்ளித் துள்ளி உள்ளே போயிற்று. 1954-க்குப் பிறகு முதல் தடவையாகப் புல்டாக்ஸ் கோப்பையைத் தூக்கியது.

மேற்கு சிட்னி 2019-ல் இறுதிப் பந்தயத்துக்கு வந்தது. ரிச்மண்ட் கிளப்பிடம் 89 புள்ளியில் தோற்றது. 2025 முடிய அதற்குக் கோப்பை இல்லை.

டாம் பாய்ட் கதைக்கு இன்னொரு பக்கமும் உண்டு. மன நோயால் தாம் பட்ட துன்பத்தை அவரே வெளியில் சொன்னார். 2019-ல், 23 வயதில், ஆட்டத்தை விட்டுவிட்டார். முதல் எண், பெரிய ஒப்பந்தம், இறுதிப் பந்தயத்தில் 3 கோல், எல்லாம் இருந்தும்!

ரசிகர்கள் எண்களை வைத்துச் சண்டை போடும்போது, அந்த எண்ணுக்குப் பின்னால் ஒரு பிள்ளை இருப்பதை மறந்துவிடுகிறார்கள்.

சின்னத் தோளில் பெரிய மூட்டை

மெல்போர்ன் கிளப் 2008-ல் கடைசி இடம். முதல் எண்ணில் ஜாக் வாட்ஸ் என்ற பையனை எடுத்தார்கள். 2009 ஜூன் மாதம், காலிங்வுட் கிளப்புக்கு எதிரான பெரிய ஆட்டத்தில் அவரை இறக்கினார்கள். அப்பொழுது அவர் பள்ளிக்கூடத்தில் படித்துக் கொண்டு இருந்தார்! உடம்பில் இன்னும் சதை பிடிக்கவில்லை. பந்தைத் தொட்டவுடன் காலிங்வுட் ஆட்கள் சூழ்ந்து அமுக்கினார்கள்.

பிறகு பல ஆண்டுகள் அவரைக் கேலி செய்தார்கள். 2-வது எண்ணில் வெஸ்ட் கோஸ்ட் கிளப்புக்குப் போன நிக் நைட்டனுயி என்பவரோடு ஒப்பிட்டுக் குத்திக் காட்டினார்கள். குற்றம் பையனுடையதா? பள்ளிக்கூடப் பையனை அங்கே இறக்கியவர்களுடையதா? நான் இரண்டாவது என்பேன்.

அந்தக் கிளப் 2011-ல் ஒரு பயிற்சியாளரை நீக்கியது. 2013-ல் இன்னொருவரை நீக்கியது. வாத்தியார் அடிக்கடி மாறினால் பிள்ளை எப்படிப் படிப்பான்?

பிறகு புத்தி வந்தது. பால் ரூஸ் என்ற அனுபவசாலியை அழைத்து வந்தார்கள். அவருக்குப் பிறகு யார் என்பதையும் முன்கூட்டியே ஏற்பாடு செய்தார்கள். 2014-ல் கிறிஸ்டியன் பெட்ராக்கா, 2015-ல் கிளேட்டன் ஆலிவர் வந்தார்கள். பெட்ராக்காவுக்கு முழங்காலில் காயம். ஓர் ஆண்டு முழுவதும் ஆடவில்லை. யாரும் அவசரப்படவில்லை. 2021-ல், 57 ஆண்டுக்குப் பிறகு மெல்போர்ன் கிளப்புக்குக் கோப்பை கிடைத்தது. இறுதிப் பந்தயத்தின் சிறந்த ஆட்டக்காரர் பெட்ராக்கா.

(அந்த இருவரும் 2025 முடிவில் வேறு கிளப்புகளுக்குப் போய்விட்டார்கள். ஆட்டக்காரர்கள் ஒரே இடத்தில் இருந்த காலம் மலை ஏறிவிட்டது.)

போனார்கள் ஐவர்; வந்தார் ஒருவர்

எனக்கு மிகவும் பிடித்தது பிரிஸ்பேன் கிளப்பின் கதை.

2013 முடிவில், ஒரே சமயத்தில் 5 இளம் ஆட்டக்காரர்கள் அந்தக் கிளப்பை விட்டுப் போனார்கள். எல்லோரும் வெளியூரில் இருந்து வந்த பையன்கள். நல்ல எண்ணில் வந்தவர்கள். அவர்களில் ஒருவரான எலியட் யோ, 2018-ல் வெஸ்ட் கோஸ்ட் கிளப்பில் கோப்பையை வென்றார். பெற்ற பிள்ளைகள் ஐவர் ஒரே நாளில் வீட்டை விட்டுப் போனால் அந்த வீடு எப்படி இருக்கும்? 2017-ல் பிரிஸ்பேன் கடைசி இடத்தில் நின்றது.

அந்த ஆண்டுதான் கிரிஸ் பேகன் பயிற்சியாளராக வந்து இருந்தார். 55 வயதில்தான் அவருக்கு முதல் தடவையாக அந்தப் பதவி கிடைத்தது. இந்தப் பெரிய போட்டியில் அவர் ஒரு நாளும் ஆடியது இல்லை!

2018-ல் இன்னொருவர் வந்தார். யார் தெரியுமா? நாம் மேலே பார்த்த லூக் ஹாட்ஜ்! ஹாதார்னில் 4 கோப்பை வென்று ஓய்ந்தவர். பிரிஸ்பேன் பையன்களோடு 2 ஆண்டுகள் ஆடினார். மைதானத்தில் பையன்களின் பின்னால் நின்று, "அங்கே நில், இங்கே ஓடு" என்று சத்தம் போட்டுச் சொல்லிக் கொடுத்தார். கடைசியில் நின்ற கிளப் 2019-ல் 2-வது இடத்துக்கு வந்தது.

பிறகு வந்த பையன்கள் போகவில்லை. விக்டோரியா மாநிலத்தில் இருந்து 2016-ல் 3-வது எண்ணாக வந்த ஹியூ மெக்கிளகேஜும், 2017-ல் முதல் எண்ணாக வந்த கேம் ரெய்னரும் அங்கேயே தங்கிவிட்டார்கள்.

அந்தப் போட்டியில் ஒரு சட்டம் உண்டு. அப்பா ஒரு கிளப்புக்காக 100 ஆட்டம் ஆடி இருந்தால், மகனை எடுத்துக் கொள்ள அந்தக் கிளப்புக்குத் தனி உரிமை. மார்க்கஸ் ஆஷ்கிராப்ட் 2001, 2002, 2003 ஆகிய 3 ஆண்டுகளும் பிரிஸ்பேனுக்குக் கோப்பை வென்று கொடுத்தவர். அவர் மகன் வில் ஆஷ்கிராப்ட் 2022-ல் வந்தார். 2023-ல் முழங்காலில் பெரிய காயம். அந்த ஆண்டு இறுதிப் பந்தயத்தில் அவரால் ஆட முடியவில்லை. காலிங்வுட்டிடம் பிரிஸ்பேன் 4 புள்ளியில் தோற்றது.

2024-ல் திரும்பி வந்தார். பிரிஸ்பேன் கோப்பையை வென்றது. இறுதிப் பந்தயத்தின் சிறந்த ஆட்டக்காரர் 20 வயது வில் ஆஷ்கிராப்ட். 2025-லும் பிரிஸ்பேனுக்கே கோப்பை. மறுபடியும் அதே பதக்கம் அவருக்கே! அந்த ஆட்டத்தில் அவர் தம்பி லீவையும் ஆடினார். தம்பிக்கு வயது 18.

"அப்பன் பெயரால் பிள்ளை கிடைத்தது. இது என்ன நியாயம்?" என்று மற்றக் கிளப் ரசிகர்கள் முணுமுணுக்கிறார்கள். அவர்கள் சொல்லுவதிலும் ஞாயம் இருக்கிறது. இது அதிர்ஷ்டம்தான். ஆனால் அதிர்ஷ்டம் மட்டும் போதும் என்றால், 2013-ல் அந்த ஐவர் ஏன் போனார்கள்?

அப்படியானால் இன்று யார்?

பக்கத்துப் பக்கத்தில் நின்ற 2 கிளப்புகளை எடுத்துக் கொள்ளுவோம். 2023-ல் ஹாதார்ன் 16-வது இடம். நார்த் மெல்போர்ன் 17-வது இடம்.

எண்களைப் பார்த்தால் நார்த் மெல்போர்ன்தான் பணக்காரன். 2021-ல் முதல் எண். 2022-ல் 3-வது எண்ணும் 4-வது எண்ணும். 2023-ல் 2-வது எண்ணும் 4-வது எண்ணும். 2024-ல் மறுபடியும் 2-வது எண். 2022-ல் வந்த ஹாரி ஷீசல், 2023-ல் நாட்டின் சிறந்த இளம் ஆட்டக்காரர் பரிசு வாங்கினார். உண்மையில் கெட்டிக்காரர். ஆனால் 2021-ல் முதல் எண்ணாக வந்த ஜேசன் ஹார்ன் பிரான்சிஸ், ஒரே ஆண்டில் தம் சொந்த ஊரான அடிலெய்டுக்குத் திரும்பிவிட்டார். 2016-க்குப் பிறகு 2025 முடிய நார்த் மெல்போர்ன் இறுதிச் சுற்றுகளை எட்டவே இல்லை.

ஹாதார்ன் பயிற்சியாளர் யார்? அந்த 36-வது எண் சாம் மிட்செல்! 2024-ல் முதல் 5 ஆட்டமும் தோல்வி. அவர் பையன்களை மாற்றவில்லை. அதே பையன்கள் எழுந்து, இறுதிச் சுற்றுக்குள் நுழைந்து, போர்ட் அடிலெய்டிடம் 3 புள்ளியில்தான் தோற்றார்கள். 2025-ல் இறுதிப் பந்தயத்துக்கு முந்தின ஆட்டம் வரை வந்தார்கள். அவர்களில் நிக் வாட்சன் என்பவரின் உயரம் 170 சென்டிமீட்டர். ராட்சதர்கள் நடுவில் ஓடிப் புகுந்து கோல் போடுகிறார். ஜெய் நியூகம் என்பவரை நவம்பர் ஆள் எடுப்பில் எந்தக் கிளப்பும் தொடவில்லை. 2021-ல் ஆண்டின் நடுவில் நடந்த சிறிய ஆள் எடுப்பில் வந்தார். இன்று அணியின் தூண்களில் ஒருவர்.

இளம் ஆட்டக்காரர் விஷயத்தில் என்னைக் கேட்டால், பிரிஸ்பேன் முதல், ஹாதார்ன் இரண்டு. 2011-ல் சேர்ந்து, 2025-ல்தான் முதல் தடவையாக இறுதிச் சுற்றுக்கு வந்த கோல்டு கோஸ்ட் கிளப்பையும் கவனிக்கிறேன். எண்களால் நிறைந்த நார்த் மெல்போர்னை இன்னும் 3 ஆண்டு கழித்துத்தான் எடை போடுவேன்.

இப்படி வரிசைப்படுத்த நான் பார்ப்பது 2 சங்கதிகள். 18 வயதில் வந்த பையன் 23 வயதிலும் அங்கே இருக்கிறானா? அவன் பக்கத்தில் 30 வயதுக்காரர் யார் நிற்கிறார்?

30 வயதுக்காரர்களைக் கேலி செய்கிறவர்கள் 2022-ஐ நினைத்துப் பார்க்க வேண்டும். அந்த ஆண்டு கோப்பையை வென்ற ஜீலாங் அணி, அதுவரை வென்ற அணிகளிலேயே வயது முதிர்ந்தது. "கிழட்டுக் கோஷ்டி" என்றார்கள். 81 புள்ளியில் சிட்னி கிளப்பை வென்றது. சிறந்த ஆட்டக்காரர் பதக்கம் வாங்கிய ஐசக் சுமித்துக்கு வயது 33. அதே அணியில் 21 வயதுப் பையன் சாம் டி கோனிங்கும் ஆடினார். அவர் 19-வது எண். பக்கத்தில் பெரியவர்கள் நின்றார்கள்; பையன் பயம் இல்லாமல் ஆடினான்.

2028-ல் டாஸ்மேனியாத் தீவின் கிளப் 19-வது கிளப்பாகச் சேர ஏற்பாடு ஆகி இருக்கிறது. அதற்கும் பையன்களை அள்ளிக் கொடுப்பார்கள். ரசிகர்கள் இப்பொழுதே எண்ணத் தொடங்கிவிட்டார்கள். எத்தனை பையன்கள் வருகிறார்கள் என்பதை அவர்கள் எண்ணட்டும். எந்தப் பெரியவர்கள் வருகிறார்கள் என்பதைத்தான் நான் பார்த்துக்கொண்டு இருப்பேன்.